ஒகேனக்கல் நீர் நம் ஊருக்கு வந்த வரலாறு

ஜூபிலி மலர் என்றால் கோயில் எழுந்த கதையையும், பங்கை நடத்திய குருக்களின் அரும்பணியையும் எழுதுவது வழக்கம். நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. அது நம் வீட்டுக் குடத்தின் வரலாறு. நம் மாவட்டத்து மக்கள் எந்த நீரைக் குடித்தார்கள், அதனால் என்ன துன்பம் அடைந்தார்கள், காவிரி நீர் எவ்வாறு குழாய் வழியே ஊர்தோறும் வந்தது, அதில் அரசுக்கு எவ்வளவு பங்கு, மக்களுக்கு எவ்வளவு பங்கு என்பதை வருங்கால மக்கள் அறிந்திருத்தல் நலம். கோயிலுக்கு வரும் குடும்பங்களும் வராத குடும்பங்களும் ஒரே தொட்டி நீரைக் குடிப்பவர்கள் ஆதலால், இது நம் எல்லாருக்கும் பொதுவான வரலாறு.

அருவி இருந்தும் தாகம்

ஒகேனக்கல்லை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. குடகில் பிறந்து கன்னட நாட்டில் வளர்ந்த காவிரி, தமிழகத்துக்குள் இறங்கும் இடம் அது. நீர் பாறையில் மோதிப் புகைபோல் எழுவதால், புகைக்கல் என்று பொருள்படும் கன்னடச் சொல்லே ஊர்ப்பெயர் ஆயிற்று. சின்னாறு காவிரியோடு கலப்பதும் அங்கேதான். ஆடிப் பெருக்குக்கும் விடுமுறை நாட்களுக்கும் வெளியூரார் திரண்டு வருகிறார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள், பரிசலில் போகிறார்கள், மீன் வறுவல் தின்று மகிழ்ந்து திரும்புகிறார்கள்.

அருவியிலிருந்து தருமபுரி நகரம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆனால் ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. ஊர்கள் மேட்டில் இருக்கின்றன. அருவியில் விழுந்த நீர் நேரே மேட்டூர் அணைக்குப் போய்விடும். 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் பயன் கீழே உள்ள சமவெளிகளுக்கு. தஞ்சைத் தரணி செழித்தது. அதில் நமக்கு மகிழ்ச்சியே. எனினும் ஆற்றின் ஓசை கேட்கும் பென்னாகரம் பகுதியிலேயே, பெண்கள் கோடைக் காலத்தில் இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று எனக் குடம் சுமந்து மைல் கணக்கில் நடந்தார்கள். "ஆத்துத் தண்ணி ஊராருக்கு, ஊத்துத் தண்ணி நமக்கு" என்று சொல்லத்தக்க நிலைமை.

1965 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டம் ஆயிற்று. பின்னர் 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனியே பிரிந்தது. மாவட்டம் பிரிந்ததே ஒழிய, வறட்சி பிரியவில்லை. மானாவாரிக் கேழ்வரகும் சாமையும் விளைவித்து வாழ்ந்த மக்கள், மழை பொய்த்த ஆண்டுகளில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போனார்கள்.

நிலத்துக்குள் ஒளிந்திருந்த தீங்கு

நீர் குறைவு என்பது கண்ணுக்குத் தெரிந்த துன்பம். கண்ணுக்குத் தெரியாத துன்பமும் ஒன்று இருந்தது. நம் பகுதியின் அடிநிலம் கருங்கல் பாறை. அப்பாறைகளில் புளோரைடு என்னும் உப்புப்பொருள் உண்டு. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீரில் அது கரைகிறது. பழைய காலத்துத் திறந்த கிணறுகளில் மழைநீர் கலந்து நின்றதால் தீங்கு ஓரளவு மட்டுப்பட்டது. கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறுகள் வந்து, அவையும் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாயின. ஆழத்து நீரைக் குடிக்கத் தொடங்கியபோது புளோரைடையும் சேர்த்தே குடித்தோம்.

அந்நீருக்கு நிறமில்லை, நாற்றமில்லை. காய்ச்சினாலும் புளோரைடு போகாது. நீர் ஆவியாகி அதன் அடர்த்தி கூடவே செய்யும். ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நம் மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகள் அந்த வரம்பைத் தாண்டியிருந்தன.

பல் முளைத்து உறுதிப்படும் பருவத்தில் இந்நீரைக் குடித்த பிள்ளைகளின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். எத்தனை முறை துலக்கினாலும் அக்கறை போகாது. நெடுங்காலம் குடித்தவர்களுக்கு மூட்டுகள் விறைத்து, முதுகு வளைந்து, சிலருக்குக் கால்களும் கோணிவிடும். புளோரோசிஸ் எனப்படும் இந்நோய் முற்றியபின் தீர்க்கும் மருந்து இல்லை. நல்ல நீர் குடித்து வராமல் காப்பது ஒன்றே வழி. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் விளக்கமாகப் பதிவானது 1937 இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில். ஆகவே இது புதிய நோயும் அன்று, தெய்வக் குற்றமும் அன்று, முன்வினையும் அன்று. நீரின் குற்றமே. ஆனால் இதை அறியாமல், பல்லில் கறை படிந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாத வீடுகளும், சோம்பேறி என்று பழி கேட்ட மூட்டுவலிக்காரர்களும் நம்மிடையே இருந்தார்கள்.

கிணற்றடியில் நின்ற வேற்றுமை

தாகம் எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் தாகம் தீர்க்கும் வழி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. கையில் பணம் உள்ளவர் இன்னும் நூறு அடி ஆழமாகத் துளை போட்டார். நீர் உப்பாயிருந்தால் லாரித் தண்ணீர் வாங்கினார். பின்னாளில் கேன் தண்ணீர் வாங்கினார். பால், முட்டை, பழம் உண்ட பிள்ளைகளை நோய் சற்றே குறைவாகத் தாக்கிற்று. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையோ அடிபம்பு நீரையும் அரைவயிற்றுக் கஞ்சியையும் தவிர வேறொன்றும் அறியாது. ஒரே பாறையிலிருந்து வந்த நீர்தான். ஆனால் அது ஏழையின் எலும்பையே முதலில் தேடிப் பிடித்தது.

இதற்கும் மேலான வேற்றுமை ஒன்று உண்டு. ஊர்க் கிணறு என்றும் சேரிக் கிணறு என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்த காலத்தை நம் மூத்தோர் அறிவர். பொதுக் கிணற்றில் நீர் எடுக்க ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1955 ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் சொல்லியும், வழக்கம் உடனே ஒழியவில்லை. தம் குடத்தைத் தாமே இறக்க உரிமையின்றி, மேலே நிற்பவர் ஊற்றும் வரை கிணற்றடியில் காத்து நின்றவர்கள் எத்தனை பேர்! யாக்கோபின் கிணற்றடியில் தீண்டத்தகாதவளாக எண்ணப்பட்ட சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் தண்ணீர் கேட்டதைக் கோயிலில் கேட்டுவிட்டு, வெளியே வந்து தனித்தனிக் கிணற்றில் நீர் சேந்தியது நமக்குப் பெருமை தருவதன்று. நீர் வந்த வரலாற்றை எழுதும்போது இதையும் எழுதத்தான் வேண்டும்.

முன்னர் செய்த முயற்சிகள்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971 இல் ஏற்பட்டது. அதன் பின்னர் கிராமங்களில் அடிபம்புகளும் மேல்நிலைத் தொட்டிகளும் பெருகின. அதனால் நடை குறைந்தது. காலரா போன்ற தொற்றும் குறைந்தது. ஆனால் நம் பகுதியில் அடிபம்பே புளோரைடுக்கும் வாசலாயிற்று.

புளோரைடை நீக்கும் முறைகளும் இல்லாமல் இல்லை. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் ஓர் எளிய முறையை வகுத்தது. படிகாரமும் சுண்ணாம்பும் வெளுப்புத்தூளும் அளவறிந்து சேர்த்துக் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் வடித்தெடுப்பது. ஆந்திரத்தின் நல்கொண்டா மாவட்டத்தில் முதலில் பயன்பட்டதால் நல்கொண்டா முறை என்று பெயர் பெற்றது. அந்த மாவட்டம் இன்று தெலங்கானாவில் உள்ளது. முறை நல்லதே. ஆயினும் நாள்தோறும் அளந்து போட ஆள் வேண்டும். படிகாரம் வாங்கப் பணம் வேண்டும். அடியில் தங்கும் சேற்றைக் கொட்ட இடம் வேண்டும். கூலிக்குப் போகிற தாயொருத்தி விடியற்காலையில் இத்தனையும் செய்வாள் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்? வீட்டுக்கு வீடு மருந்து போடுவதைவிட, நல்ல நீரையே ஊருக்குக் கொண்டுவருவதுதான் வழி என்பது தெளிவாயிற்று. நல்ல நீரோ பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பெண்கள் கூடி எழுந்தது

குழாய் வருமுன் மற்றொன்று வந்தது. அதைக் குறிப்பிடாமல் இவ்வரலாறு நிறைவு பெறாது. இன்று தமிழகமெங்கும் உள்ள மகளிர் சுய உதவிக் குழுக்கள் பிறந்த இடம் நம் தருமபுரி மாவட்டமே. 1989 இல், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் வழியாக இம்முயற்சி இங்கே தொடங்கிற்று. பதினைந்து இருபது பெண்கள் வாரந்தோறும் கூடுவது, சிறு தொகை சேமிப்பது, அதிலிருந்தே கடன் கொடுத்து வாங்குவது, கணக்கை எல்லார் முன்னும் வாசிப்பது என்பவை அதன் முறை. கந்து வட்டிக்காரன் வாசலில் நின்றவர்கள் வங்கி வாசலில் நிமிர்ந்து நின்றார்கள். கையெழுத்துப் போடக் கற்றவர்கள் மனு எழுதவும் கற்றார்கள். காலிக் குடத்தோடு சாலையில் அமர்ந்த பெண்கள், பின்னர்க் கிராம சபையில் எழுந்து "எங்கள் தெருவுக்கு எப்போது தண்ணீர்?" என்று கேட்கும் துணிவு பெற்றதற்கு இக்குழுக்கள் பெருந்துணை.

அரூர்ப் பக்கத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கும் இதற்கொரு நல்ல சான்று. மருத்துவர் ரெஜி ஜார்ஜ், மருத்துவர் லலிதா தம்பதியர் 1993 இல் அங்கே சென்று, குடிசையில் மருத்துவப் பணி தொடங்கினார்கள். பழங்குடிப் பெண்களையே தேர்ந்து சுகாதாரப் பணியாளராகப் பயிற்றினார்கள். பிள்ளைப்பேற்றிலும் வயிற்றுப்போக்கிலும் வீணாய்ப் போன உயிர்கள் பல காக்கப்பட்டன. அப்பணி பின்னர் இயற்கை வேளாண்மைக்கும் லம்பாடிப் பெண்களின் தையற்கலைக்கும் விரிந்தது. மருத்துவர் இருவர் தனியே நின்று செய்ததன்று அது. ஊர்ப் பெண்கள் கைகொடுத்ததால் நடந்தது.

குழாய் வந்த வழி

காவிரி பல மாநிலத்துக்குப் பொதுவான ஆறு. அதில் ஒரு குடம் எடுப்பதற்கும் இசைவு வேண்டும். 1998 இல் மத்திய அரசின் முன்னிலையில், பெங்களூர் நகரக் குடிநீர்த் திட்டத்துக்கும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கும் வழி பிறந்தது. நம் திட்டத்துக்கெனப் பேசப்பட்ட அளவு ஆண்டுக்கு 1.4 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதோடு ஒப்பிட்டால், அதில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு சிறிய பங்குக்கு இவ்வளவு நீண்ட காத்திருப்பு!

2008 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு வங்கி கடன் தர முன்வந்து, அவ்வாண்டு மார்ச்சில் ஒப்பந்தம் ஆயிற்று. அவ்வாண்டே அக்கடன் பணி ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையான ஜைக்காவின் கைக்கு மாறிற்று. உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பும் மூண்டது. தமிழகத்தில் மறுப்பும் எழுந்தது. எல்லையோரத்தில் அமைதி குலைந்தது. ஏப்ரலில் முதலமைச்சர் திட்டத்தைச் சிறிது காலம் நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசி வாழும் நம் பகுதியார்க்கு அது மனத்தை வருத்திய காலம். பெங்களூர் நகரம் 1974 முதல் காவிரி நீரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிக் குடித்து வருகிறது; அந்நகரின் பிற்காலக் குடிநீர்த் திட்டத்துக்கும் ஜப்பான் கடனே உதவிற்று. அங்குள்ள ஏழையின் தாகமும் இங்குள்ள ஏழையின் தாகமும் பகையல்ல என்பதே நம் எண்ணம்.

பணி மீண்டும் தொடங்கிற்று. ஆட்சி மாறியும் திட்டம் கைவிடப்படவில்லை. 2013 மே மாதம் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மொத்தச் செலவு ரூ.1,928.80 கோடி. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய மூன்று அன்றைய நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 18 ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 6,755 குடியிருப்புகள் திட்டத்தில் அடங்கின. 2011 மக்கள் கணக்குப்படி இரு மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 34 லட்சம். ஒரு கட்சி அடிக்கல் நாட்டியது, மற்றொரு கட்சி நீரைத் திறந்தது. தாகத்துக்குக் கட்சி இல்லை.

ஆற்றிலிருந்து எடுத்த நீரைச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, பெருந்தொட்டிகளில் தேக்கி, அங்கிருந்து ஊர்த்தொட்டிகளுக்கு அனுப்புகிறார்கள். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூர் வரை பள்ளத்து நீர் ஏறுகிறது என்பது வியப்புக்குரியது. இத்திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்பதும் சேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். குழாய் போடுவதோடு நில்லாமல், நோயைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்வதும் திட்டத்தின் ஒரு பகுதி. அந்த வேலையைப் பொறியாளர் மட்டும் செய்ய இயலாது. ஆசிரியர், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுவினர் ஆகியோர் சொன்னால்தான் வீட்டுக்குள் போகும்.

குழாய் வந்தபின் என்ன?

குழாய் வந்ததும் ஏற்றத்தாழ்வு ஓடிவிட்டதா? இல்லை. உண்மையை உள்ளபடி எழுதுவோம்.

தொட்டிக்கு அருகில் உள்ள தெருவுக்கு நீர் வேகமாக வருகிறது; கடைக்கோடித் தெருவுக்கு மெலிந்து வருகிறது. கடைக்கோடியில் இருப்பது பெரும்பாலும் யார் தெரு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இடையில் ஒருவர் குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்சினால், பின்னால் உள்ள பத்து வீட்டுக் குடங்கள் காலியாகின்றன. ஆற்றுநீர் போதாதபோது ஆழ்துளைக் கிணற்று நீரை அதே தொட்டியில் கலந்து விடுகிறார்கள், தொட்டி நிறைகிறது, ஆனால் நீக்க நினைத்த புளோரைடு மீண்டும் குடத்துக்கு வருகிறது. பழக்கத்தால் "போர் தண்ணிதான் ருசி" என்று சொல்லி ஆற்றுநீரை மாட்டுக்கு வைப்போரும் உண்டு. மக்கள் பெருகிவிட்டதால் இரண்டாம் கட்டத் திட்டமும் அறிவிக்கப்பட்டுள்ளது. 2019 இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தால் வீட்டுக்கு வீடு குழாய் இணைப்புப் பெருகிற்று. ஆனால் குழாய் வேறு, நீர் வேறு, நல்ல நீர் வேறு. இம்மூன்றும் ஒன்றாகக் கடைசி வீட்டுக்கும் சேரும்போதுதான் இவ்வரலாறு முடியும்.

அரசால் செய்யக்கூடியது பெரிது. பல நூறு கோடி கடன் வாங்கவும், மலையேற்றி நீர் கொண்டுவரவும் எந்த ஊராலும் தனியே இயலாது. ஆனால் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளாய் நீர் வரவில்லை என்பது கோட்டைக்குத் தெரியாது. பக்கத்து வீட்டாருக்குத் தெரியும். வால்வைத் திறக்கும் டேங்க் ஆபரேட்டரை அதட்டினால் ஒருநாள் நீர் வரும். ஊர் கூடி முறை வகுத்தால் நாள்தோறும் வரும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, கிராம சபை. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபைகளுள் ஒன்று, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 ஆம் நாள் கூடுகிறது. அன்று நம் பங்கு மக்கள் வீட்டிலிருத்தல் ஆகாது. தெருவாரியாக நீர் திறக்கும் நேரத்தை எழுதி ஒட்டும்படியும், தொட்டி நீரையும் ஆழ்துளை நீரையும் சோதித்த முடிவை வாசிக்கும்படியும் கேட்பது நம் உரிமை.

இரண்டாவது, ஆற்றுநீரைக் குடிக்கவும் சமைக்கவும், கிணற்று நீரைக் குளிக்கவும் துவைக்கவும் என்று பிரித்து வைத்தல். பாலில்லாத கறுப்புத் தேநீரிலும் புளோரைடு உண்டு. பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துப் பழக்க வேண்டாம்.

மூன்றாவது, உணவு. சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி சத்தும் மிகுந்த உணவு புளோரைடின் தீங்கை எதிர்த்து நிற்க உதவும் என்பர் மருத்துவர். நம் கேழ்வரகுக் களி, முருங்கைக் கீரை, நெல்லிக்கனி இவற்றைவிட வேறென்ன வேண்டும்? தகடூரை ஆண்ட அதியமான், தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான் என்பது நம் நாட்டுப் பழம்பெருமை. நெடுவாழ்வு தருவதைத் தனக்கென வைத்துக்கொள்ளாத மன்னன் ஆண்ட மண்ணில், மோட்டார் வைத்து அடுத்தவன் பங்கை உறிஞ்சுவது தகுமா?

நான்காவது, மழைநீர். 2003 இல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு அமைப்புகள் பல வீடுகளில் குப்பை மூடிக் கிடக்கின்றன. அவற்றைத் தூர் வாரினால் நிலத்தடி நீர் உயரும். புளோரைடும் சற்றுத் தணியும்.

ஐந்தாவது, ஒரே குழாய். இந்தத் தெரு, அந்தத் தெரு என்ற பேதமின்றி முன்வந்தவர் முன்னும் பின்வந்தவர் பின்னுமாகக் குடம் வைக்கும் வழக்கம் நம் பங்கிலிருந்து தொடங்கட்டும். கோயில் முற்றத்துக் குழாயில் யாரும் வந்து நீர் பிடிக்கலாம் என்பது எழுதப்படாத சட்டமாக இருக்கட்டும்.

பல்லில் கறையில்லாமல் சிரிக்கும் பிள்ளைகள் இன்று நம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டிமார் தலையில் சுமந்த குடத்தின் பாரத்தை அவர்கள் அறியமாட்டார்கள், அறியாதிருப்பதே நலம். ஆனால் அந்நீர் தானாக வரவில்லை; பல கைகள் கூடியதால் வந்தது; கைகள் விலகினால் நின்றுவிடும் என்பதை மட்டும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். அடுத்த ஜூபிலி மலர் எழுதப்படும்போது, கடைக்கோடித் தெருவிலும் நாள்தோறும் நல்ல நீர் வருகிறது என்று ஒரே வரியில் எழுதி முடிக்கத்தக்கதாக நாம் உழைப்போமாக.